எட்டாவது விஷயம்

விலிமைனா விரல் விட்டுச் சொல்லுகிற விஷயங்கள் ஏழு. வாரம் இருமுறை விருந்தாளிப் படகு வரும்போது முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு, பைகளை வாங்கித் தோளில் போட்டபடியே சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

"தொப்பியக் கழட்டுங்க. இந்த ஊருக்குள்ள தலைவர் மட்டுந்தான் தலையில எதையாவது வெச்சுக்கலாம். கறுப்புக் கண்ணாடிய நெத்தியில ஏத்தினா அதுவும் தொப்பிதான். தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். செருப்பு வாசலோட நிக்கணும். புள்ளைங்க தலையத் தொடாதீங்க. பவளப்பாறையில வெறுங்கால வெச்சீங்க, கிழிச்சு விட்டுரும், ஆற ஒரு மாசம். காய்ச்சாத தண்ணி வேண்டாம். யாங்கோனா வேர் கொண்டாந்தீங்கள்ல? அதக் குடுத்தாத்தான் உங்கள ஊரே ஏத்துக்கும்."

யசாவா தீவுகளில் இதை விடத் தெளிவாகச் சொல்லுகிறவர்கள் இல்லை என்று படகுக்காரர்களே சொல்லுவார்கள். தெற்கே இன்னொரு தீவில் பிறந்து, பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். வந்த புதிதில் ஊர் வழக்கம் தெரியாமல் பட்ட அவமானங்கள் மறக்கவில்லை. வருகிறவர்கள் யாரும் அப்படிக் கூசி நிற்கக்கூடாது என்பாள். புருஷன் போன பிறகு வீட்டின் முன்னறையை விருந்தாளிகளுக்கு விட்டாள். அவளும் மகன் எரோனியும் பின்னறையில்.

எரோனி கடலட்டை எடுக்கப் போகிறவன். கரையோரத்தில் அட்டை தீர்ந்துபோகப்போக ஆழத்துக்குப் போனான், காற்றுப் புட்டியைக் கட்டிக்கொண்டு. ஒருநாள் மிக ஆழத்திலிருந்து மிக வேகமாக மேலே வந்துவிட்டான்; அப்படி வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிடும். படகில் ஏறி உட்கார்ந்து, "கால் மரத்துப் போச்சுடா" என்று சிரித்தானாம். கரை வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இருபத்திரண்டு வயது.

அவன் விட்டுப்போனவை இரண்டு. சுவரில் ஒரு படம். ஒரு சிரட்டைக் கிண்ணம். சாவதற்கு முந்தின மழைக்காலத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது அதைத் தேய்த்துத் தேய்த்து, எண்ணெய் பூசி, கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தான். விளிம்பில் ஒரு இடத்தில் கத்தி வழுக்கிச் சின்னதாகச் செதுங்கிவிட்டது. அந்தப் பக்கம் வாய் வைத்தால் உதடு கிழியும். அந்த வேரை இடித்துக் கரைத்த யாங்கோனாவைக் குடிக்க அந்தக் கிண்ணத்தைத்தான் விலிமைனா எடுப்பாள். அவன் கை பட்டது நாலு பேர் கையில் சுற்றி வரட்டும் என்று.

படத்தைப் பார்க்கிற விருந்தாளிகள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி, "என்ன அழகான சிரிப்பு! யார் இது?" என்று கேட்பார்கள். "எம்மவன். எரோனின்னு பேரு" என்பாள். ஊரில் யாரும் அவள் முன்னால் அவன் பேரை எடுப்பதில்லை, அவள் மனசு நோகுமே என்று. அதனால் அவன் பேரைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான்.

அவள் சொல்லாத எட்டாவது விஷயம் ஒன்று இருந்தது. இந்த ஊரில் ஒரு வீட்டுப் பொருளை நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால், வீட்டுக்காரர் அதைக் கொடுத்துவிட வேண்டும். இதை விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது? கொடுக்க மனசில்லை என்று நாமே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடாதா?

ஜூலையில் அனலீஸ் என்றொரு பெண் வந்தாள். நல்ல பெண். வேரைச் செய்தித்தாளில் சுற்றி இரண்டு கையாலும் கொடுத்தாள். அவள் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கொழுந்தன் சாக்கியுசா, பக்கத்து வீட்டு உலமிலா என்று நாலைந்து பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அனலீஸ் வழக்கப்படி ஒரு தடவை கைதட்டி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு இந்தக் கிண்ணம்!"

உலமிலா விலிமைனாவைப் பார்த்தாள். சாக்கியுசா பாயைப் பார்த்தான்.

"அப்ப அது உங்களுது" என்றாள் விலிமைனா.

"ஐயோ, வேண்டாம்! அப்படிச் சொல்லலையே நான்!"

"எடுத்துக்கங்க."

அனலீஸ் தயங்கினாள். பிறகு முகம் மலர்ந்தது. "கொடுத்ததை மறுத்தா உங்களுக்கு வருத்தமாயிடும்னு என் பயணப் புத்தகத்துல போட்டிருக்கு. நன்றி. ரொம்ப நன்றி."

அனலீஸ் படுக்கப் போய், மற்றவர்களும் எழுந்துபோன பிறகு உலமிலா வெடித்தாள். "தண்ணியக் காய்ச்சு, தொப்பியக் கழட்டுன்னு ஏழு விஷயம் சொல்றியேக்கா, இத ஒண்ணச் சொன்னா வாயில என்ன முத்தா உதிர்ந்துரும்? காலையில போயிக் கேளு. நம்ம ஆளுங்க கேட்டா நாம குடுக்கறதில்லையா? அவ மட்டும் மாட்டேன்னுருவாளா?"

"குடுத்துருவா. அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"குடுத்தத திரும்பக் கேட்டவ வீடுன்னு ஆயிரும்ல."

ஆனாலும் காலையில் கேட்டுவிடுவது என்றுதான் தண்ணீரில் இறங்கினாள். அனலீஸின் பை அவள் தோளில்தான் இருந்தது. உள்ளே கிண்ணம் துணிகளுக்கு நடுவே விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. படகின் பக்கம் வந்ததும், "அந்தக் கிண்ணம்..." என்று ஆரம்பித்தாள்.

"பத்திரமா சுத்தி வெச்சிருக்கேன்."

"விளிம்புல ஒரு எடத்துல செதுங்கியிருக்கும். குடிக்கறப்ப அந்தப் பக்கத்தத் திருப்பி வெச்சுக்கங்க. ஒதடு கிழியும்."

"அதுல குடிக்கவா போறேன்?" என்று சிரித்தாள் அனலீஸ். "வாசல்கிட்ட வெச்சு வீட்டுச் சாவி போட்டு வைப்பேன். தினமும் உங்க ஞாபகம் வரும்."

விலிமைனா பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த படகில் வயதான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்தார்கள். ஏழையும் சொல்லி முடித்தவள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எட்டாவதையும் சொல்லிவிட்டாள். "வீட்டுல எதையும் நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. சொன்னா அதக் குடுக்கணும் நாங்க."

கரையில் நின்ற சாக்கியுசா காதில் விழுந்துவிட்டது. "ஏன் மதினி, இனிமே வாசல்லயே முள்ளு வெட்டிப் போட்டுருவோமா? இதுக்கு எதுக்கு விருந்தாளி?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்று அவன் யாங்கோனா குடிக்க வரவில்லை.

வந்த புருஷன் பெண்டாட்டி இருவரும் சொன்னபடி கேட்கிறவர்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்பங்கீரையைத் தின்றுவிட்டு அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புருஷன் முழங்கையால் இடித்தான். பாயைத் தடவிப் பார்த்தவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். விலிமைனா பிளாஸ்டிக் கிண்ணத்தில் யாங்கோனா மொண்டு கொடுத்தாள். மூன்று பேரும் சத்தமில்லாமல் குடித்தார்கள்.

பிறகு அந்த அம்மாள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். படத்தில் பார்வை நின்றது. அவள் முகம் தானாகவே கனிந்தது. உதடு பிரிந்தது. விலிமைனா மொள்ளுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். எம்மவன், எரோனின்னு பேரு. தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

அந்த அம்மாளுக்குச் சட்டென்று நினைவு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.