பௌர்ணமிப் பொங்கல் தின்ற முயல்

முயலை மடியில் வைத்துக்கொண்டு, அரைத்த கீரையைச் சிரிஞ்சில் எடுத்து அதன் வாயோரம் விடுகிறேன். விழுங்காமல் வழியவிடுகிறது. கொத்தமல்லியைக் கண்டாலே தாவுகிற முயல், இன்று மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. காலையில் மருந்து கொடுத்த டாக்டர், புழுக்கை விழுந்தால்தான் பிழைக்கும் என்றார். பௌர்ணமி வேறு. தெருவில் அன்னதானப் பந்தலிலிருந்து சர்க்கரைப் பொங்கலின் நெய்வாசம் வருகிறது.

சின்ன வயதில், இதே செங்கம் ரோட்டு வீட்டில், அந்தப் பொங்கலைத்தான் அம்மா எங்கள் வெள்ளை முயலுக்கு வைத்தாள். "சாமி பிரசாதம்டி, ஒண்ணும் ஆவாது" என்றாள். விடிந்தபோது அதன் வயிறு கல்லாக இருந்தது.

அப்பா அதைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு டவுன் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். மலையை வலம் வருகிற கூட்டம் மொத்தமும் எங்களுக்கு எதிரே வந்தது.

"எதிர்ல வரக் கூடாதுங்க, பாவம்" என்று ஒருவர் அதட்டினார்.

ஒரு பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிற அப்பா, "வழி விடுங்க, உசுரு போவுது!" என்று கத்தினார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

ஊசி போட்டு வந்தபின் அப்பா அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் மிளகளவில் ஒரு புழுக்கை விழுந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி, பிரசாதம் போல எங்களுக்குக் காட்டினார்.

"போட்டுச்சாம்மா?" என்று மகள் மறுபடியும் வந்து கேட்கிறாள்.

முயலுக்கு அடியில் கையை ஏந்தியபடியே உட்கார்ந்திருக்கிறேன்.