வீட்டுல கேளுங்க

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைக்குள் போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயில் மணி கேட்டு வளர்ந்தவள் நான், கழற்றுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் கோயிலில் சாமி தினமும் தரிசனம் கொடுத்தார். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது, வெயில் ஆகாது, மாணவர்கள் அறவே ஆகாது. மூன்று வருடம் கரும்பலகையில்தான் புரோகிராம் எழுதினோம். கரும்பலகையில் அது ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது.

கடைசி வருடம் புராஜெக்ட் என்று ஒன்று செய்தாக வேண்டும். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் சென்னைக்காரர். ராஜபாளையத்துச் சனங்கள் துணி துவைக்கிற சோப்பை எப்படி வாங்குகிறார்கள் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார். ‘நுகர்வோர் நடத்தை’ என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கம் நடத்தை என்றால் வேறு விஷயம். “நடத்தையைப் பத்தி விசாரிக்க வந்திருக்காக” என்று முதல் தெருவிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். மறுநாளிலிருந்து “சோப்புக் கணக்கு” என்று சொல்லித்தான் உள்ளே போனேன்.

அந்தச் சோப்புக்காக நான் அலைந்ததற்குக் காரணம் இருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளிப் பரீட்சகர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துபவர். வருடத்துக்கு ஒருவரை அங்கேயே பொறுக்கி வேலைக்கு அழைத்துக்கொள்வார். ஒரே ஒரு இடம். அது எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வருடம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

என் கூட்டாளி தளவாய்புரத்துக்காரன். நல்லவன், ஆனால் உடம்பு வணங்காது. பெண்களை நான் வீடு வீடாகப் போய்க் கேட்பது, ஆண்களை அவன் டீக்கடையில் கேட்பது என்று பிரித்துக்கொண்டோம். டீக்கடையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஏழாவது கேள்வி: ‘எந்த சோப்பு வாங்குவது என்று முடிவு செய்பவர் யார்?’ பெண்கள் அத்தனை பேரிடமும் ஒரே பதில்.

“அவியதான்.” அதாவது, வீட்டுக்காரர்.

ஒரு அக்கா துவைகல்லில் முழங்கை வரை நுரையோடு நின்றபடி சொன்னார்: “எனக்கு என்னம்மா தெரியும்? எல்லாம் அவியதான்.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர், “அது நீலமா பச்சையான்னுகூட எனக்குத் தெரியாதே” என்றார். “நீங்க செத்த நேரம் சும்மா இருங்க” என்று அவரை அதட்டிவிட்டு, அக்கா என் பக்கம் திரும்பினார். “அவியதாம்மா. எழுதிக்கோ.”

டீக்கடையிலும் ஒரே பதில்தான். “வீட்டுல கேளுங்க.” கொஞ்சம் பேசுகிறவர்கள் “வீட்டுலதான்” என்றார்கள். பொண்டாட்டி பேரைச் சொல்லாத ஊர். ‘வீட்டுல’ என்றால் அவள்தான். ‘வீட்டுல காய்ச்சல்’ என்றால் சுவருக்குக் காய்ச்சல் என்று எங்கள் பக்கம் யாரும் நினைப்பதில்லை.

சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது பேராசிரியரின் கட்டளை. எழுதிக் கொடுத்தோம். படிவக் கட்டை இரண்டு நாள் வைத்திருந்து அவர் முடிவுகளோடு வந்தார். ‘அவிய’ என்பது பன்மை, ஆகவே பலர் கூடி எடுக்கும் கூட்டு முடிவு. ‘வீட்டுல’ என்பது இடம். எட்டாவது கேள்வி ‘எங்கே வாங்குகிறீர்கள்?’ என்பது. அதன் பதிலை விவரம் தெரியாத சனங்கள் ஏழாவதிலேயே சொல்லிவிட்டார்களாம், அதை எட்டாவதுக்கு மாற்ற வேண்டுமாம்.

“சார், வீட்டுலன்னா சம்சாரம் சார்” என்றேன்.

“அது உன் அபிப்பிராயம். ஆராய்ச்சியில அபிப்பிராயத்துக்கு இடமில்லை. டேட்டாதான் பேசணும்.”

டேட்டா பேசத்தான் செய்தது. அவருக்கு அதன் பாஷை தெரியவில்லை. அவர் சொன்னபடியே பதில்களுக்கு எண் போட்டு, புரோகிராமை நான் எழுதினேன். ராஜபாளையத்தில் சோப்பைப் பலர் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள், பிறகு கடைக்கே போகாமல் வீட்டிலேயே வாங்கிக்கொள்கிறார்கள் என்று பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று அடித்துத் தள்ளியது. கையால் எழுதியிருந்தால் சிரித்திருப்பார்கள். கம்ப்யூட்டர் காகிதத்தில், இரண்டு ஓரமும் ஓட்டையோடு வந்ததால் எல்லாரும் தலையாட்டினார்கள். அதை ஒரு கருத்தரங்கில் வாசித்துப் பேராசிரியர் சால்வை வாங்கி வந்தார்.

தேர்வு நாளும் வந்தது. பரீட்சகர் அறிக்கையைப் புரட்டி நிமிர்ந்தார். “ஏம்மா, ராஜபாளையத்துல கடையே கிடையாதா?”

பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் அவர் போடப்போகிற இன்டர்னல் மார்க் முழுக்க இருந்தது. ஆனாலும் அந்த இடம் எனக்கு வேண்டும். பொய்யை வைத்து அதை வாங்கப் பிடிக்கவில்லை.

“சார், வீட்டுலங்கிறது இடம் இல்ல சார், ஆளு. அவியங்கிறதும் நாலு பேர் இல்ல, ஒரே ஆளுதான், மரியாதைக்குச் சொல்றது. ஆம்பளைக பொம்பளைகளைக் கைகாட்டுதாக, பொம்பளைக ஆம்பளைகளைக் கைகாட்டுதாக. முடிவு பண்றவுகளுக்கே நான்தான் பண்ணேன்னு சொல்ல வாய் வராது சார். புரோகிராம்ல தப்பில்ல. பதிலை நாங்க தப்பாப் படிச்சுட்டோம்.”

பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். “இந்த அறிக்கையில இல்லாத ஆராய்ச்சியை இப்பத்தான் கேக்கிறேன்” என்றார் பரீட்சகர். பிறகு சாதாரணமாக, டீ குடிக்கிறாயா என்பது மாதிரி கேட்டார்: “வர்ற திங்கக்கிழமை சென்னையில வந்து சேர்ந்துடுறியாம்மா?”

ஒரு வருடமாகக் காத்திருந்த கேள்வி. நான் வாயைத் திறந்தேன்.

“வீட்டுல கேட்டுச் சொல்லுதேன் சார்.”

முதலில் சிரித்தது பேராசிரியர். நன்றாகச் சிரித்தார், அதுவரை சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சிரித்தார். பரீட்சகர் சிரிக்கவில்லை. “எனக்குத் திங்கக்கிழமை ஆள் வேணுமேம்மா” என்று சொல்லி, என் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். அவர் கேட்டு முடிக்கவில்லை. “வாரேன் சார்” என்றான் தளவாய்புரத்துக்காரன். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்விக்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பா மில்லிலிருந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“சரின்னுட்டு வரவேண்டியதுதான? இதுல என்கிட்ட என்னத்தைக் கேக்கணும்? நான் எதையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா?”

யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.