சூடத்தை அணைக்காத அஞ்சலை அக்கா

அஞ்சலை அக்கா இறந்த செய்தியை ஜெயங்கொண்டம் டவுன் பஸ் கண்டக்டர்தான் என் தையல் கடை வாசலில் வண்டியை நிறுத்திச் சொன்னார். "உங்க வேட்பாளர் போயிட்டாங்க, தெரியுமா?" தேர்தலில் தோற்றுச் சில வருடங்கள் ஆன பிறகும் அக்காவுக்கு அவர் வைத்திருந்த பெயர் அதுதான்.

அக்காவை அறிந்த யாருக்கும் அந்த ஐயனார் கோயில் கூட்டம் மறந்திருக்காது. பல வருடம் நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் வந்திருந்தது. எங்கள் ஊரில் ஓட்டுப்பெட்டி வருவதற்கு முன்பே தலைவர் தேர்தல் முடிந்துவிடும். பெரியவர்கள் கோயிலில் ஒரு பெயரைச் சொல்வார்கள். போட்டியிட நினைத்தவர்கள் எரியும் சூடத்தைக் கையால் அணைத்து, எதிர்த்து நிற்பதில்லை என்று சத்தியம் செய்வார்கள். போட்டியே இல்லாத ஊர் என்று இதில் பெருமை வேறு! ஊர் ஒதுக்கி வைத்திருந்த தெற்குத் தெருவிலிருந்து ஒருவரைக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

முந்திரிக்கொல்லையை வைத்துப் பிழைத்த அக்கா தலைவர் பதவிக்கு மனு போட்டார். முன்மொழிந்தவன் நான். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி அவரைச் சூடத்தின் முன் நிறுத்தினார்கள்.

"ஊரே ஒத்துமையா இருக்கறப்ப நீ ஏம்மா குறுக்க நிக்கற?" என்றார் நாட்டாமை.

"தெக்குத் தெருவும் ஊருதானுங்களே, அவங்கள யாரு கேட்டீங்க? ஒத்துமை நெசம்னா ஓட்டுலயே தெரியட்டும். ஏன் பயப்படறீங்க?"

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. "வாடா தம்பி, வேலை கெடக்கு" என்று முன்னால் நடந்தார்.

அக்கா கொல்லைக்கு யாரும் வேலைக்குப் போகக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். தெற்குத் தெருப் பெண்கள் போனார்கள்.

தேர்தலில் அக்கா தோற்றார், நன்றாகவே தோற்றார். ஆனால் தலைவர் யார் என்று எங்கள் ஊர்ச் சனங்கள் அன்றுதான் மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்று முத்திரை குத்தினார்கள். மறுநாள் காலையிலேயே ஜெயித்தவர் வீட்டு வாசலுக்கு அக்கா போனார்.

"தலைவரே, தெக்குத் தெருவுல லைட்டு எரியல. எப்ப போடுவீங்க?"

"நீதான் எனக்கு ஓட்டே போடலியே!"

"போடாதவங்களுக்கும் நீங்கதானுங்க தலைவரு."

விளக்கு எரியும்வரை விடாமல் போய்க் கேட்டார்.

இது ஜனநாயக அரசாங்கம் என்று யார் மேடையில் முழங்கினாலும் எனக்கு அக்காவின் ஞாபகம்தான் வரும். தோற்றவள் மறுநாள் போய்க் கேள்வி கேட்டுவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப முடிகிறதா? முடியாவிட்டால் எத்தனை தேர்தல் நடத்தினாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "வேணாம்னு சொல்ல முடியாத எடத்துல, வேணும்னு சொல்றதுக்கு என்ன மரியாத?" என்பார் அவர்.

இரங்கல் கூட்டத்தையும் அதே கோயிலில்தான் வைத்தார்கள். ஊர்ச் சொல்லுக்கு மறுசொல் பேசாத உத்தமி என்று தீர்மானம் வாசித்தார் நாட்டாமை. எனக்கு ரத்தம் கொதித்தது.

"எல்லாருக்கும் சம்மதந்தானே?"

கையைத் தூக்கினேன்.

"எனக்குச் சம்மதமில்லீங்க. அக்கா மறுத்துப் பேசினவங்க. அப்படியே எழுதுங்க."

கூப்பிடாமலே வந்திருந்த தெற்குத் தெருக்காரர்கள் பக்கமிருந்தும் கைகள் உயர்ந்தன. அக்கா எனக்கு விட்டுப்போனது இந்தக் கையைத்தான். இனி இதை இறக்குவதாக இல்லை.