பாவாயி ஊன்றிய சாய்முட்டு

பாவாயியை வாயாடி என்று வெண்ணந்தூரில் சொல்வார்கள். சுத்தப் பொய். அவள் பேசியது கொஞ்சம், அடித்ததுதான் அதிகம். முப்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள். வரப்பைச் செதுக்கித் தன் காட்டோடு சேர்த்துக்கொண்ட பக்கத்துக் காட்டுக்காரனை மண்வெட்டிக் காம்பால் விளாசி, வரப்பைத் திரும்பப் போட வைத்தாள். அப்படிப்பட்டவளும் ஒரே ஓர் ஆளுக்கு அடங்கிப் போனாள். அவர் புருஷனின் அண்ணன் கருப்பண்ணன். குடும்பத்துக்கு மூத்த ஆண் என்பதைத் தவிர அவரிடம் வேறு பெருமை எதையும் நான் கண்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், மாட்டுக்கும் கடலைக்காய்க்குமாக அறுபதடிக் கொட்டகை ஒன்றைப் பாவாயி தானே போட ஆரம்பித்தாள். ஆசாரியைக் கூப்பிடவில்லை. சொந்தக் காட்டுப் பனைகளை அறுத்து, பண்ணையாள் ரங்கனும் ஒரே மகன் தங்கசாமியும் குழி தோண்ட, இருபது கால்களை நட்டாள். மேல்காற்று தள்ளினால் கால்கள் கிழக்கே படுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கிழக்குக் கால்களுக்கு வெளியிலிருந்து கட்டைகளைச் சாய்த்து ஊன்றினாள். அதுதான் சாய்முட்டு. கிழக்கு வாசலின் இரு பக்கமும் இரண்டு ஊன்றி முடித்திருந்தாள். மொத்தச் சட்டமும் அந்த இரண்டை நம்பித்தான் நின்றது.

அன்று ஆனியின் கடைசி முகூர்த்தம். ஆடி பிறந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது. காற்று அதற்குள் ஆரம்பித்திருந்தது. தங்கசாமி முகட்டில் உட்கார்ந்து கூரைக்கு வாரைக் கட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். விதவை பூசைத் தேங்காய் உடைக்கக் கூடாதென்று, தான் உடைக்கக் கருப்பண்ணன் வந்தார். வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வாசல்ல சாஞ்ச கட்டை ஆகாது. குடியே சாஞ்சு போயிரும். எடுத்து எறி."

"கூரை போட்டு முடியட்டுங்க மாமா, அப்புறம் எடுத்துக்கலாம். பையன் மேல இருக்கறானுங்க."

"எனக்கே நீ சட்டம் சொல்றயா?"

கோடாலியை எடுத்து இரண்டே வெட்டில் ஒரு சாய்முட்டைச் சாய்த்தார். பாவாயி பாய்ந்து கோடாலிக் காம்பைப் பிடித்தாள். அவர் அவள் வயிற்றில் உதைத்தார். அவள் எழுந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள், ரத்தம் வந்தது. கோடாலியின் பின்புறத்தால் அவள் தோளில் ஓர் அடி போட்டுத் தள்ளிவிட்டு இரண்டாவது சாய்முட்டையும் வெட்டினார்.

"தங்கா, குதிச்சிரு சாமி" என்று கத்தினாள். அவன் குதிப்பதற்குள் காற்று சட்டத்தைச் சாய்த்துவிட்டது. தங்கசாமி கட்டைகளுக்கு நடுவே விழுந்தான். கருப்பண்ணனின் கால்மேல் ஒரு பனங்கட்டை விழுந்து எலும்பை நொறுக்கியது.

மகன் வாயில் ரத்தத்தோடு முனகினான். அவனை ரங்கன் மடியில் கிடத்திவிட்டு, பாவாயி கடப்பாரையோடு கருப்பண்ணனிடம் போனாள். சத்தம் கேட்டுக் கூடியவர்கள் ஒருத்தரும் கிட்டே போகவில்லை.

"என்னை உட்டுரு அம்மிணி" என்றார் அவர்.

தலைக்கு மேல் தூக்கிய கடப்பாரையை அவர் காதோரம் மண்ணில் இறக்கினாள். பிறகு அதையே நெம்புகோலாக வைத்துக் கட்டையைக் கிளப்பி அவரை வெளியே இழுத்தாள். மூன்றாம் நாள் தங்கசாமி செத்துப்போனான். இது முன்பே தெரிந்திருந்தால் கடப்பாரை வேறு இடத்தில் இறங்கியிருக்கும். இறங்கியிருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தையில் அதே இடத்தில் கொட்டகையை மறுபடி நிறுத்தினாள், இந்தத் தடவை காலுக்குக் கால் சாய்முட்டு. வெட்கமில்லாமல் கருப்பண்ணன் தேங்காயோடு வந்தார், அக்குளில் கோலை ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து. வாசலில் பாவாயி மறித்தாள்.

"வாசல்ல சாஞ்ச கட்டை ஆகாதுன்னீங்களே மாமா. அதைப் போட்டுட்டு வாங்க."

கோலைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தாள். தடுமாறியவர் விழாமலிருக்க வாசல் சாய்முட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கையிலிருந்த தேங்காயை வாங்கி, ஊர் பார்க்க அவளே உடைத்தாள். பூசை முடியும்வரை அவர் அந்தச் சாய்முட்டை விடவில்லை.