ஓடைக்குத் திரும்பிய சிவப்பு

சாயப்பட்டறை ஆய்வகத்தில் காலையிலேயே தொலைபேசி அடித்தது. ஈப்போ மருத்துவமனையிலிருந்து பார்வதி அக்காவின் தம்பி. “அக்கா போயிட்டாங்க லா, தங்கச்சி,” என்றார். அக்கா ஊறவைத்துவிட்டுப் போன இறால் ஓடுகள் என் எதிரே வாளியில் இருந்தன.

அக்காவோடு வேலை செய்தவர்களுக்கு அந்த இறால் ஓட்டு வாடை மறந்திருக்காது. இரும்பு உப்புக் கரைசலில் அம்மோனியா விட்டு, மாவைவிட நுண்ணிய காந்தத் தூள் செய்வார். இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசையை அதன்மேல் பூசுவார். கழிவுநீரில் கலக்கினால் சாயம் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். வெளியே காந்தத்தை வைத்தால் தூளும் சாயமும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

“என்னக்கா, லேப்ல சம்பல் ஆக்குறீங்களா?” என்பார் லாரி ஓட்டும் மணியம்.

“தட்டு எடுத்துட்டு வா. மொத வாய் உனக்குத்தான்.”

பட்டறைக்குக் கீழே, பழைய ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர் அக்கா. எங்கள் சாயத்தால் அங்கே ஓடை சிவப்பாக ஓடியது. மாரியம்மன் கரகத்துக்குக் குழாய்த் தண்ணீர்தான். போன வருடம் பெரிய தொட்டியில் அவருடைய காந்தத் தூள் முறை பலித்ததும் ஓடை தெளிந்தது. கோயில் தலைவர் மாலையோடு வந்தார்.

“இந்த வருசம் கரகம் ஓடையிலதான் பார்வதி. பிள்ளைங்களும் அங்கயே குளிக்கட்டும்.”

“வேணாம் அண்ணே. சாயத்தத்தான் புடிச்சேன். சாயம் ஏத்தப் போடுற சோடா உப்பு தண்ணியில அப்படியே இருக்கு. தோலு புண்ணாயிடும்.”

“கண்ணாடி மாதிரி இருக்கு லா!”

“அதான் பயமா இருக்கு. செவப்பா ஓடுனப்ப யாராச்சும் எறங்குனோமா?”

“உன் தூள நீயே நம்பலயா?” என்று சிரித்துவிட்டுப் போனார் தலைவர். எங்கள் மேலாளரோ, ஓடை சுத்தமாகிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்.

திருவிழாவன்று விடியலில் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். துண்டும் கையுமாகப் பிள்ளைகள் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா பொட்டலத்தைப் பிரித்துச் சிவப்புச் சாயத்தைத் தண்ணீரில் தூவினார். எத்தனையோ ஆண்டுகள் பாடுபட்டு எடுத்த நிறம் அது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தபடி திரும்பினார்கள். கரகம் குழாயடிக்குப் போனது.

“கோவிச்சுக்கட்டும். சோடாவப் புடிச்சப்புறம் நானே மாலைய கேட்டு வாங்கிக்கறேன்,” என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

அதற்கான தொட்டி இன்னும் கட்டி முடியவில்லை. அவருடைய காந்தமும் மீதிச் சாயப் பொட்டலமும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அடுத்த வாரம் திருவிழா. விடியலில் நான் ஓடைக்குப் போவேன்.