கிள்ளிய மொட்டுகள்

அவர் பல்செட் செய்கிறவர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷமாக மெழுகும் அரமுமாகக் காலம் ஓடுகிறது. பல்லின் நிறத்தைப் படமெடுத்துப் பார்க்க அங்கே ஒரு கேமராவும், கடுகைக் கொய்யாப்பழமாகக் காட்டுகிற மேக்ரோ லென்ஸும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரிடம் கேட்டு அதை வீட்டுக்கு எடுத்துவருவார். ஆறு நாள் அடுத்தவர் வாயைப் பார்த்த கண்ணுக்கு ஒரு நாளாவது பூவைக் காட்ட வேண்டாமா என்பது அவர் கட்சி.

கீழ்வீட்டில் டைலரக்கா குடியிருந்தார். வாசல் கேட்டுக்கு அருகே தொட்டியில் அவர் வளர்த்த லில்லியில் ஒரே தண்டில் ஐந்து மொட்டுகள் வந்திருந்தன. அந்த ஞாயிறு காலையில் முதல் மொட்டு விரிந்திருந்தது. பல்செட்காரர் தரையில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸைத் திருகினார். மகரந்தத்தின் ஒவ்வொரு பொடியும் தெரிந்தது. ஆனால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மற்ற நான்கு மொட்டுகள் பூவுக்குப் பின்னால் பச்சைப் பச்சையாக வந்து நின்றன. இல்லாவிட்டால் வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சக்கரம் வந்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். நடுவில் காலை நடைக்குப் போன ரிடையர்டு போஸ்ட்மேன் அவரைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனார்.

போஸ்ட்மேன் தெருமுனையைத் தாண்டியதும் பல்செட்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். நகத்தால் நான்கையும் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த படத்தில் பூ தன்னந்தனியாக, பிறந்ததே அப்படித்தான் என்பதுபோல நின்றது. பத்துப் படம் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

சற்று நேரத்தில் கீழே டைலரக்காவின் குரல் கேட்டது. போஸ்ட்மேன் வேறெங்கோ பறித்த மஞ்சள் பூ ஒன்றை வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். மதில்மேல் எட்டிப் பார்க்கிற பூக்களை மனைவிக்கென்று பறித்துப் போகிற பழக்கம் அவருக்கு உண்டு. ஆக, கையும் பூவுமாக மாட்டிக்கொண்டார்.

"விரியாத மொட்டக் கிள்ள உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

"இது அடுத்த தெருவுல பறிச்சதும்மா. உன் செடிய நான் தொடவேயில்ல."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். பல்செட்காரர் பால்கனியில் நிற்பதைப் பார்த்த டைலரக்கா, "தம்பி, காலையில நீங்க இங்கதான படுத்துக் கிடந்தீங்க? இவர் வந்தாரா இல்லையா?" என்றார்.

"வந்தாரு" என்றார் பல்செட்காரர்.

பொய்யில்லை. அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. போஸ்ட்மேன் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, மஞ்சள் பூவை மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அந்தத் தெருப்பக்கம் அவர் வரவேயில்லை.

மறுநாள் துணி ஊறவைக்கும்போது மனைவி சட்டைப்பையிலிருந்து வாடிய மொட்டுகளை எடுத்தாள். "கிள்ளினது சரி, புத்தி கெட்டுப்போச்சு. அந்த மனுஷன் தலையில எதுக்குங்க கட்டினீங்க?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். படத்தைப் பார்த்துக் கூட வேலை செய்பவர்கள் ஆஹா ஓஹோ என்றபோதெல்லாம் காது மடல் சுட்டது.

பதினைந்து நாள் கழித்து டாக்டர் அவரை முன்னறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் போஸ்ட்மேன் சாய்ந்திருந்தார். முன்பல் இரண்டு இல்லை. மற்ற பற்களின் நிறத்தைப் படமெடுக்க வேண்டும். உதடுகளை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிவிட்டு டாக்டர் போன் பேச வெளியே போனார். அதே கேமரா, அதே லென்ஸ். பல்செட்காரர் லென்ஸைத் திருகித் திருகிப் பார்த்தார். படம் தெளியவேயில்லை.

"சார், அந்த மொட்ட கிள்ளினது நான்தான்" என்றார்.

எதிரே இருப்பவர் பதில் பேச முடியாத நேரமாகப் பார்த்துச் சொல்கிறோம் என்பது, சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது. உடம்பு கூசிப்போயிற்று. வளையத்தைக் கழற்றினார். போஸ்ட்மேன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே தம்பி. என் வீட்டுக்காரியே இன்னும் என்னை நம்பல. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க போய்ச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் டைலரக்காவின் கதவைத் தட்டினார். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று பல்செட்காரர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நூல் போட்டு மொட்ட ஒதுக்கிக் கட்டியிருப்பேனே, தம்பி."

பிறகு சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தார். "நான் அவர நாலு பேர் பாக்கத்தான திட்டினேன்? நாளைக்கு அவரக் கூட்டிட்டு வர்றேன். நீங்களும் நாலு பேர் பாக்கச் சொல்லிடுங்க."

மறுநாள் காலை பல்செட்காரர் நாலு பேர் பார்க்க வாசலில் நின்று சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாமே என்று இருந்தது. டைலரக்கா போஸ்ட்மேனிடம் மன்னிப்புக் கேட்டார். போஸ்ட்மேன், "அட, விடும்மா" என்றார். பல்செட்காரரிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பல்செட்காரர் செய்த இரண்டு பற்களும் போஸ்ட்மேனுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. டாக்டர் தட்டிக்கொடுத்தார். போஸ்ட்மேன் இப்போது தினமும் தெருவில் நடக்கிறார், டைலரக்காவைப் பார்த்தால் புதுப் பல் தெரியச் சிரிக்கிறார். மாடிப்பக்கம் மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.