கல்யாணத்து மாடும் மாமனார் பல்லும்

என் கல்யாணத்தில் எனக்கு ஒரு மனைவி கிடைத்தாள். என் மாமனாருக்கு ஒரு முன்பல் போனது. பல்லைக் கொண்டுபோனவன் நான்தான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் எறச்சிக்கறி ஆண்கள் பொறுப்பு. மாடு பிடிக்கச் சந்தைக்குப் போன என் பெரியப்பா மக்கள், அங்கே நின்றதிலேயே கம்பீரமான கொம்புள்ளதாகப் பார்த்து ஓட்டிவந்தார்கள். குலசேகரத்துக்கும் திருவட்டாற்றுக்கும் நடுவே பாரவண்டி இழுத்து ஓய்ந்த காளை அது என்பது அடுப்பில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. விறகு தீர்ந்தது, எறச்சி வேகவில்லை. பந்தியில் மற்றவர்கள் மரியாதைக்கு வாயில் போட்டு மரியாதையாக வெளியே எடுத்துவிட்டார்கள். என் மாமனார் வீம்புக்காரர். கடித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். எலும்பு என்று நினைத்து இலையோரம் எடுத்துவைத்தார். எலும்பில்லை.

"இனி இந்த வீட்டில கை நனைக்கமாட்டேன்" என்று எழுந்துவிட்டார். சம்பந்தி வீட்டில் ஒருவர் கை நனைத்துச் சாப்பிடவில்லை என்றால் அங்கே சண்டை இருக்கிறது என்று ஊருக்கு அர்த்தம். அதன்பிறகு மகளைப் பார்க்க வருவார், பேத்தி பிறந்ததும் பார்க்க வந்தார். முற்றத்தில் பலா மரத்தடியில் நிற்பார், பிள்ளையைக் கொஞ்சுவார், அடுத்த பஸ்ஸில் நாகர்கோவிலுக்குத் திரும்பிவிடுவார். என்னைப் பார்த்தால் சிரிக்கவும் மாட்டார். கோபமா, ஓட்டைப் பல்லைக் காட்டக் கூச்சமா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. அது நடந்தாலும் நடக்கும், நானும் மாமனாரும் சேர்வது நடக்காது என்று ரப்பர் தோட்டத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

இப்படி இருக்கையில் என் மைத்துனனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மகளை முறையாக அழைக்க மாமனாரும் மாமியும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.  மறுநாள் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைக்க அப்பா, எனக்க அப்பா இந்த வாட்டியும் கை நனைக்காம போனா, நான் தம்பி கல்யாணத்துக்குப் போவமாட்டேன். அதை அவரு முகத்தப் பாத்தே சொல்லிருவேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். கூடப் பிறந்த ஒரே தம்பி. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். புகை இல்லாத அடுப்பு. ஆனாலும் கண்ணைத் துடைத்தாள்.

"கோழி அடிச்சிருவோமா?" என்றேன்.

"கோழி வச்சா பயந்து வச்சதா ஆயிரும். எறச்சியில போன மானம் எறச்சியிலதான் வரணும். அதுக்கும் மேல, அப்பாவுக்குக் கிழங்கும் எறச்சியும்னா உயிரு."

ஞாயிறு வெளுக்குமுன் சந்தையில் எறச்சி வெட்டுகிறவரிடம் போய் நின்றேன். மாட்டுக்கு என்ன வயசு, என்ன வேலை பார்த்தது, வண்டி இழுத்ததா, உழுததா என்று கேட்டேன்.

"என்ன வேய், எறச்சி வாங்க வந்தீரா, மாப்பிள்ளை பாக்க வந்தீரா? பல்லில்லாதவனும் தின்னலாம், கொண்டு போவும்."

பல்லைப் பற்றி அவர் ஏன் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. என் கதை சந்தைவரைக்கும் வந்திருந்தது. தொடையெறச்சியும் கொஞ்சம் நெஞ்செலும்பும் தேக்கிலையில் கட்டித் தந்தார்.

வீட்டில் மனைவி வத்தலும் மல்லியும் நல்லமிளகும் தேங்காயும் வறுத்து அம்மியில் அரைத்திருந்தாள். அரைப்பையும் மஞ்சளையும் எறச்சியில் புரட்டி, மண்சட்டியில் மூடி அடுக்களைப் பின்வாசல் பக்கம் வைத்தோம். கொஞ்சம் ஊறவேண்டும். அடுப்பில் முதலில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு வேகட்டும் என்று ஏற்பாடு.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எறச்சி வேகாதென்று சந்தேகம் வந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது ஒன்றுதான், பச்சைப் பப்பாளிக்காய் இரண்டு துண்டு போடுவார்கள். அதன் பால் பட்டால் கல்லும் குழையும் என்பார்கள். மனைவி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தில் ஒரு காய் பறித்துத் தோல் சீவிப் பெரிய துண்டுகளாக வெட்டிச் சட்டிக்குள் புதைத்தேன். இரண்டு துண்டு போதும்தான். நான் பாதிக் காய் போட்டேன். எனக்கு என் மாமனாரைத் தெரியும்.

முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். மாமி நேரே அடுக்களைக்குள் போனாள். மாமனார் கையில் ஒரு துணிப்பை. பலா மரத்தடியில் நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க மாமா."

"இருக்கட்டும். கிணத்துல தண்ணி எப்பிடின்னு பாக்குதேன்" என்று பின்பக்கம் போனார். கிணறு பார்க்க ஒரு மனிதருக்கு அவ்வளவு நேரம் ஆகுமா என்று எனக்குத் தோன்றியது. கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

கிழங்கை இறக்கி எறச்சிச் சட்டியை ஏற்றினோம். மணம் முற்றத்துக்கு வந்தது. மாமனார் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மணம் வரும் திசைக்கு மாறி நின்றார். நல்ல சகுனம். நான் அகப்பையோடு அடுக்களைக்குள் போய்ச் சட்டியைத் திறந்தேன்.

எறச்சியைக் காணோம்.

செக்கச்செவேலென்று குழம்பு கொதித்தது. அகப்பையை விட்டுத் துழாவினேன். நெஞ்செலும்புகள் கழுவிவைத்ததுபோல் வெள்ளையாக வந்தன. அவற்றின்மேல் இருந்ததும் தொடையெறச்சியும் நார்நாராகக் கரைந்து குழம்போடு குழம்பாகிவிட்டன. கூடவே பப்பாளித் துண்டுகள் வந்தன. பெரிய துண்டுகள் என்னுடையவை. அடுத்து அகப்பையில் வந்தது துருவிய காய்.

மனைவியைப் பார்த்தேன். "கொறச்சிதான் போட்டேன்" என்றாள், என்னைப் பார்க்காமல். "நீங்க சந்தையில நல்லது வாங்குவீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

பிறகு மெல்லிய சீவல்கள் வந்தன. மாமி முந்தானையைச் சரிசெய்தாள். "வந்த உடனே நானும் போட்டேன் மக்களே. அவருக்கு இப்ப இன்னும் ரெண்டு பல்லு ஆடுதுல்லா."

கடைசியாக நாலு துண்டு வந்தது, தோலோடு. பெண்கள் யாரும் தோலோடு போடமாட்டார்கள். நானும் அவ்வளவு மோசமில்லை. மாமி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேனாக்கத்தியால் பாக்கு வெட்டுகிற மாதிரி கோணலாக வெட்டியிருந்தது. அந்த வீட்டில் பேனாக்கத்தி வைத்திருந்தவர் ஒருவர்தான்.

மூன்று பேரும் சன்னல்வழியாகப் பலா மரத்தைப் பார்த்தோம். கொம்பில் துணிப்பை தொங்கியது. அதன் அடியில் பால் வடிந்து கறை பிடித்திருந்தது. ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கிற எனக்குப் பால்கறை புதிதல்ல. ஆனால் நாகர்கோவிலில் இருந்து பஸ் ஏறி வந்த கறையை அன்றுதான் பார்த்தேன்.

"எட்டி, உனக்க அப்பா சாப்பிடணும்னுதான் புறப்பட்டிருக்காரு" என்றேன் மெதுவாக.  அடுப்பில் இப்போது புகை இருந்தது, அதன்மேல் பழியைப் போட்டு அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு சட்டென்று வேலையில் இறங்கினாள். எலும்பைப் பொறுக்கி எறிந்தாள், கிழங்கை அப்படியே குழம்பில் கொட்டினாள், மத்தைப் போட்டு மசித்தாள், கறிவேப்பிலையும் உள்ளியும் தாளித்து மேலே ஊற்றினாள். கிழங்கு எது எறச்சி எது என்று பிரிக்கமுடியாத ஒரு மசியல். வாசனை மட்டும் தப்பவில்லை.

இலையைப் போட்டுவிட்டு அவளே முற்றத்துக்குப் போனாள். "அப்பா, கை கழுவுங்க."

"நான் சாப்பிட வரல்ல மக்களே, அழைக்கத்தான்..."

"தெரியும். தோலைச் சீவிட்டுப் போட்டிருக்கலாம்லா."

மாமனார் அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிள்ளையை என் கையில் தந்தார். செம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் உருண்டையை வாயில் போட்டு வழக்கத்தால் மெல்ல ஆரம்பித்தார். மெல்ல ஒன்றுமில்லை. விழுங்கினார். மூன்றாம் முறை கேட்டு வாங்கியபோது என் மனைவி வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள், அகப்பையை இறக்கவே இல்லை.

"மருமோனே, எறச்சி எங்க?" என்றார்.

"உள்ளதான் இருக்கு மாமா, தேடணும்."

"தேடும். அப்பிடியே எனக்க பல்லும் கிடக்கான்னு பாரும்."

வாயைத் திறந்து சிரித்தார். ஓட்டை நான் நினைத்ததைவிடப் பெரிது.

கிளம்பும்போது மகளிடம் சொன்னார், "ஒரு வாரம் முந்தியே வந்திரு மக்களே. மருமோனும் வரட்டும். மாடு பாக்க மட்டும் போவாண்டாம்."

போகவில்லை. மைத்துனன் கல்யாணத்தில் எனக்குத் தந்த வேலை பப்பாளிக்காய்க்குத் தோல் சீவுவது. நான் சீவியதைச் சட்டியில் போடும் பொறுப்பை யாரிடமும் விடாமல் மாமனாரே எடுத்துக்கொண்டார், ஒரு சட்டிக்கு இரண்டு துண்டு.